பின்கதவைத் திறந்த கை

மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கு வீடியோவில் ஒரு கை வரும். நீளமான கறுப்புக் காரின் பின்கதவை அது திறக்கும். வெள்ளைச் சட்டையின் கைநுனி, எண்ணெய் ஏறிக் கறுத்த பெருவிரல் நகம், அவ்வளவுதான். அடுத்த காட்சியில் மகள் மண்டபத்துக்குள் நடந்து வருவாள். மீதி ஆளை வீடியோக்காரரிடம் சொல்லி வெட்டுவித்தவன் நான்தான்.

அவர் என் மைஸ்டர், வேலை பழக்கிய ஜெர்மன்கார முதலாளி. டோர்ட்மண்டில் பழைய கார் திருத்தும் பட்டறை அவருடையது. தகரம் தட்டிப் பெயின்ற் அடிப்பது என் வேலை. அந்தக் கார் அறுபதுகளில் அமெரிக்காவில் பணக்காரருக்கென்று செய்தது. அதற்கு முந்திய அமெரிக்கக் கார்களுக்கு வாலில் செட்டை முளைத்திருக்கும், உடம்பெல்லாம் வெள்ளித் தகடு மினுங்கும். இதில் அந்த ஆடம்பரம் ஒன்றும் இல்லை; முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒரே நேர்கோடு. "செட்டையை வெட்டி எறியத் துணிந்தவன்தான் கெட்டிக்காரன்" என்பார் மைஸ்டர். விசையை அழுத்தினால் பின்பெட்டி மூடி தானே எழும்பும், துணிக்கூரை மடிந்து அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பின்கதவுகள் இரண்டும் அலுமாரிக் கதவுபோல மற்றப் பக்கமாகத் திறக்கும். இறங்குகிறவர் உடம்பை முறிக்காமல், முகம் முன்னால் தெரிய இறங்கலாம். ஏழு வருடம் மினக்கெட்டு அதைத் திருத்தியிருந்தார். ஓட்ட ஒருவரையும் விடமாட்டார். துடைக்க மட்டும் என்னை விடுவார்.

சடங்குக் கார்டைக் கொடுத்தபோது, "உன் மகளை நானே ஏற்றி வருகிறேன்" என்றார். நான் கேட்கவேயில்லை. சந்தோஷத்தில் எனக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை. ஆனால் எங்கள் சனத்துக்குள் அப்போது ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டுப் பிள்ளை குதிரை வண்டியில் வந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை அதைவிடப் பெரிதாக ஏதாவது ஒன்றில் வரவேண்டும். இரவல் என்றால் மதிப்பில்லை. லண்டனிலிருந்து வந்த மச்சான் விசாரித்தபோது என் வாய் முந்திக்கொண்டது: "கொலோனில வாடகைக்கு எடுத்தது. டிரைவரோட."

அன்று மைஸ்டர் கறுப்புக் கோட் போட்டு, அழகாகச் சுற்றிய பரிசுப் பெட்டியோடு வந்திருந்தார். மகளை இறக்கிவிட்டு எங்களோடு மண்டப வாசலுக்கு நடந்தார். மச்சான் என் காதுக்குள், "அத்தான், டிரைவரை வெளியில நிக்கச் சொல்லுங்கோ. வீடியோவில விழுறார்" என்றான்.

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் மைஸ்டரிடம் திரும்பி, "பிள்ளைகள் காரில் கை வைப்பார்கள், நீங்கள் பக்கத்தில் நின்றால் நல்லது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மச்சானையும் பார்த்தார். பரிசுப் பெட்டியை என் கையில் தந்துவிட்டுக் காரடிக்குத் திரும்பிப் போனார்.

"பாவம், அவரை உள்ளுக்குக் கூப்பிடுங்கோவன்" என்றாள் மனைவி. "இப்ப ஏலாது, எல்லாரும் பாக்கினம்" என்றேன். சோறு கறியை ஒரு பெட்டியில் போட்டு, பிளாஸ்டிக் முள்ளுக்கரண்டியும் வைத்துக் கொடுத்தனுப்பினேன். ஜன்னலால் பார்த்தேன். காருக்குள் சிந்திவிடாமல் வெளியே நின்றபடியே சாப்பிட்டார். இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி. நான் எறிந்தது கந்தையை அல்ல.

திங்கட்கிழமை அவர் வேலையை மட்டும் சொன்னார். அந்தக் காரைத் துடைக்க அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அந்த வருடமே வேறு வேலை தேடிக்கொண்டேன். பட்டறை இன்னும் அங்கேதான் இருக்கிறது, ட்ராமில் பத்து நிமிடம். எட்டு வருடமாகப் போகவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

போன கிழமை மகள் அந்த வீடியோவைப் போட்டாள். கை வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"அப்பா, அண்டைக்கு இவர் சாப்பிட்டவரோ?"

"ஏன் கேக்கிறாய்?"

"வரேக்க காருக்குள்ள கேட்டவர், கையால எப்பிடிச் சாப்பிடுறதெண்டு. உங்கள் எல்லாரோடயும் இருந்து சாப்பிடப்போறன், பிழைவிடக் கூடாதெண்டவர். சிவப்பு லைட்டில நிக்கேக்க எல்லாம் நான் காட்டிக் குடுத்தனான். அஞ்சு விரலையும் கூட்டிக் கூட்டிச் செய்து பாத்தவர்."

"சாப்பிட்டவர்" என்றேன்.

திரையில் அந்தக் கை அப்படியே நின்றது. கைப்பிடியில் ஐந்து விரலும் கூடியிருந்தன. அந்தக் கைக்குத்தான் நான் முள்ளுக்கரண்டி கொடுத்தனுப்பினேன்.