சத்தம் நின்ற மத்தியானம்

எங்கள் கட்டடத்தில் எனக்கு டாக்டரம்மா என்று ஒரு பட்டம் உண்டு. படித்து வாங்கியதில்லை. நான் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவள். பட்டம் ஒரு நெபுலைசர் மெஷினால் வந்தது. என் பையனுக்கு நான்கு வயதில் வீசிங் ஆரம்பித்து, மாதத்தில் பாதி நாள் இளைப்போடு கிடந்தபோது டாக்டரே எழுதிக் கொடுத்து வாங்கச் சொன்ன மெஷின். மருந்தைப் புகையாக்கி, முகத்தில் வைக்கும் மாஸ்க் வழியாக நெஞ்சுக்குள் அனுப்பும். அதை ஓட்டி ஓட்டிக் கை பழகியது. கையோடு சேர்ந்து வாயும் பழகிவிட்டது, வினையே அங்கேதான்.

பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் ஆறு குடித்தனம் உள்ள கட்டடம் எங்களுடையது. ஐந்து வீட்டில் தமிழ். எந்த வீட்டுக் குழந்தை இருமினாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன். பையனுக்கு எழுதிய மருந்தில் பாதி ஊற்றுவேன். ஏன் பாதி என்று யாராவது கேட்டால், சின்னக் குழந்தைக்குப் பாதிதானே என்பேன். கேட்டவர்களும் தலையாட்டுவார்கள். பெரும்பாலும் குழந்தைகள் தேறிக்கொள்ளும், சளி தானாகவே போயிருக்கும், பேர் மட்டும் எனக்கு வரும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இன்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது உண்மை.

போன ஆகஸ்டில் பெங்களூருக்கே உரிய அந்தத் தூறல் விடாமல் பிடித்துக்கொண்டது. பெய்யவும் பெய்யாது, விடவும் விடாது. துணி காயவில்லை, சுவரில் பூஞ்சை. எங்கள் சந்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் இருமல் கேட்டது. எனக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வெறும் ஜலதோஷம்தான், லீவு போடுகிற அளவுக்குக்கூட இல்லை.

கீழ் வீட்டில் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். இருபத்து நான்கு வயது இருக்கும். கணவன் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. உள்ளே போகும்போதே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் கைக்கு வரும். அவர்களுக்கு ஏழு மாதப் பெண் குழந்தை. கொழுகொழுவென்று, யாரைப் பார்த்தாலும் தாவும். அந்த ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் என்னைப் பார்த்தும் தாவியது. தூக்கிக் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சினேன். தும்மல் வந்தபோது முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பெரிய கவனிப்பு!

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெண் குழந்தையோடு என் வாசலில் நின்றாள். குழந்தைக்கு பனியன், அதன்மேல் முழுக்கை சட்டை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், தலைக்குக் குல்லா, எல்லாவற்றையும் சுற்றி ஒரு டவல். வேலூர் வெயிலில் வளர்ந்த எனக்கும் தருமபுரியில் வளர்ந்த அவளுக்கும் பெங்களூர் குளிர் என்றால் இமயமலைதான். அப்படிச் சுற்றச் சொல்லிக் கொடுத்ததே நான். வெளியே தெரிந்தது மூக்கும் கண்ணும் மட்டும்.

"அக்கா, விடியகாலைலேர்ந்து புஸ்ஸு புஸ்ஸுனு மூச்சு வாங்குதுக்கா. பாலும் சரியா குடிக்கல. டாக்டர்கிட்ட தூக்கினு போயிடட்டுமா?"

"இந்த சீசன்ல க்ளினிக்ல போய் உக்காந்தா இல்லாத வியாதியும் ஒட்டிக்கும்" என்றேன். "இது வீசிங்தான். நான் பாக்காததா? உள்ள வா."

மெஷினை ஓட்டினேன். குழந்தை மாஸ்க்கைத் தட்டிவிட்டுக் கதறியது. அழுது முடித்தபின் கொஞ்சம் அடங்கினாற்போல இருந்தது. பார்த்தாயா என்று அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்க முயன்றாள்.

அன்று எனக்கு வீட்டிலிருந்து வேலை. பதினொன்றரைக்கு ஒரு மீட்டிங் முடிந்ததும் கீழே இறங்கிப் போனேன். மூச்சில் விசில் சத்தம் அப்படியே இருந்தது. குழந்தை இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மார்பை விட்டது. மறுபடி உறிஞ்சியது, மறுபடி விட்டது. மூக்கடைப்பு, சொட்டு மருந்து விடு என்றேன். ஒரு மணிக்கு இரண்டாம் தடவை மெஷினை ஓட்டினேன். இந்தத் தடவை குழந்தை மாஸ்க்கைத் தட்டவில்லை. சொன்ன பேச்சு கேட்கிறது என்று அதையும் பாராட்டினேன். தட்டத் தெம்பில்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"அவரு வர்றதுக்கு நாலு ஆயிடும்க்கா. அதுக்குள்ள ஒரு நடை டாக்டர்கிட்ட..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"எதுக்கெடுத்தாலும் பயந்தா எப்படி? ரெண்டு மணி நேரம் பாரு."

இரண்டரை மணிக்குச் சத்தம் நின்றது. நான் மறுபடி போனபோது வீடே அமைதியாக இருந்தது. குழந்தை தாயின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன். விசில் இல்லை, கொரகொரப்பு இல்லை.

"சத்தமே இல்ல பாரு. மருந்து பிடிச்சிடுச்சு. தூங்கட்டும், எழுப்பாத."

மேலே வந்து தயிர் சாதத்துக்கு மாங்காய் ஊறுகாய் வைத்து ரசித்துச் சாப்பிட்டேன். வயிறும் மனசும் நிறைந்திருந்தது. அந்த ருசி இன்றுவரை நாக்கில் இருப்பதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மூன்றேகாலுக்கு என் கதவு இடிபட்டது. தட்டல் இல்லை, இடி. திறந்தால் அவள். காலில் செருப்பு, தோளில் பை, மார்போடு குழந்தை.

"தூக்கத்துலயும் தலை ஆடுதுக்கா. ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடுது. நான் போறேன். வர்றதுனா வாங்க."

அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து மூன்று தடவை ஏறி இறங்கியவளுக்கு இதுதான் மரியாதையா என்று நினைத்துக்கொண்டேதான் லேப்டாப்பை மூடினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். மழையில் ஆட்டோ கிடைக்கவில்லை. க்ளினிக் வரை இரண்டு தெருவும் நடைதான். அவள் ஏறக்குறைய ஓடினாள், நான் குடையை அவள் தலைக்கு நேரே பிடிக்கப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தேன். டவல் விலகிய இடத்தில் அந்தக் குல்லா மேலும் கீழும் ஆடுவது எனக்கும் தெரிந்தது. அப்போதுதான் நானும் ஓடினேன்.

குழந்தைகள் டாக்டரின் க்ளினிக்கில் பதினைந்து பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஐம்பது வயதுக் கன்னடக்காரம்மா, தமிழ் நன்றாகப் பேசுவார். யாரையோ அனுப்ப வாசல்வரை வந்தவர் அந்தக் குல்லாவைப் பார்த்தார். டோக்கனைக் கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"எஷ்டு ஹொத்திந்த ஹீகிதே? எவ்ளோ நேரமா இப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே, "எல்லாத்தையும் கழட்டுங்க" என்றார்.

அந்தப் பெண் குழந்தையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் பித்தானைக் கழற்றினேன். ஸ்வெட்டர். சட்டை. பனியனைக் கழுத்துவரை தூக்கினேன்.

விலா எலும்புக்குக் கீழே, ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் உடம்பு உள்ளே குழிந்தது. யாரோ உள்ளே இருந்து பிடித்து இழுப்பது போல. எலும்புகளின் நடுவிலும் தோல் உள்வாங்கியது, கழுத்துக்குழியும் அமுங்கியது. எத்தனை மணி நேரமாக இது நடந்துகொண்டிருந்ததோ? ஆபீசில் ஒரு பட்டனை நாற்பது விதமாக அழுத்திப் பார்ப்பவள் நான். காலையிலிருந்து ஒரு தடவை அந்தச் சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை. குளிருமே என்று.

டாக்டர் குழந்தையைத் தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தையும் வயிற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து எண்ணினார். ஒரு நிமிஷம் முழுசாக. அவ்வளவு நீளமான நிமிஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எழுபத்தெட்டு" என்றார். "இந்த வயசுக்கு ஐம்பதே அதிகம்."

கால் விரலில் ஒரு க்ளிப்பை மாட்டி, அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் நர்ஸைக் கூப்பிட்டார். ஆக்சிஜன் சிலிண்டர் உருண்டு வந்தது. மூக்கில் குழாயை வைத்தபடி, "எப்போலேருந்து இப்படி அமைதியா இருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டரைலேர்ந்து மேடம்" என்றாள் அவள். "சத்தம் நின்னுடுச்சு, சரியாயிடுச்சுனு..."

"காத்து போய் வந்தாதானே சத்தம் வரும்? மூச்சு இழுத்து இழுத்துக் களைச்சுப் போயிருக்கு குழந்தை." பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். "வீட்டுல என்ன குடுத்தீங்க?"

மெஷினில் ஊற்றிய மருந்தின் பெயரை நான் சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது.

"யாரு குடுக்கச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சொன்னாள்: "நாங்களேதான் மேடம்." என் பக்கம் திரும்பவில்லை. கண் முழுக்கக் குழந்தைமேல்தான் இருந்தது. இல்லை, நான்தான் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். கழற்றிய ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக டாக்டர் வரவழைத்த ஆம்புலன்ஸில் அவளும் நர்ஸும் ஏறினார்கள். எனக்கு இடமில்லை. ஓசூர் ரோட்டில் வண்டிகள் நகராமல் நிற்க, அந்த சைரன் ஒரே இடத்திலிருந்து ரொம்ப நேரம் அலறியது. நான் நடைபாதையில் நின்று ஃபேக்டரி கேட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தவரிடம் குழந்தையின் அப்பாவைக் கூப்பிடச் சொல்வதற்குள் எனக்கு நாக்கு குழறிவிட்டது.

ஐந்து நாள் ஐ.சி.யு. முதல் இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்களாம். மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றும், நரம்பு வழியாக நீரும் போய்க்கொண்டிருந்தன. ஆறாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள், பத்தாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. எடை குறைந்து, கண் பெரிசாகி, யாரைப் பார்த்தும் தாவாமல்.

கட்டடத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? டாக்டரம்மா கூடவே ஓடினதால்தான் உயிர் தப்பியது என்று! நான் மறுக்கவில்லை. என் கணவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுதேன். யானைக்கும் அடி சறுக்கும் என்றார். "நான் யானையும் இல்லை, சறுக்கினது என் காலும் இல்லை" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

பிறகு பையனைக் காட்டப் போன சாக்கில் அதே டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உங்கள் பையனுக்கு இருப்பது வேறு, அந்தக் குழந்தைக்கு வந்தது வேறு என்றார். வைரஸ் வந்து மெல்லிசான மூச்சுக்குழாய்கள் வீங்கிப் போகுமாம், இந்த மருந்து அதற்குப் பெரும்பாலும் பயன்படாதாம். சட்டையைக் கழற்றி மூச்சை எண்ண வேண்டும், விலா குழிகிறதா, பால் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், சந்தேகமென்றால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் வீட்டில் செய்ய வேண்டியது. கடைசியில், "அந்த வாரம் அக்கம்பக்கத்துல யாருக்காவது ஜலதோஷம் இருந்துச்சா?" என்றார்.

"எனக்கு இருந்தது" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கினேன்."

"அதுலேருந்தும் வந்திருக்கலாம். சொல்ல முடியாது. பெரியவங்களுக்குத் தும்மலோட போயிடும். சளி இருந்தா கைக்குழந்தைய தூக்காதீங்க. கையைக் கழுவுங்க" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

மறுநாளே கீழே போய் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. நவம்பர் வந்துவிட்டது. ஒரு காலையில், காபி கலக்கும்போது, தரை வழியாக அந்த இருமல் கேட்டது. சின்னதாக, வறட்டு இருமல். கை அப்படியே நின்றுவிட்டது.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, மெஷினைத் தொடாமல் இறங்கினேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் பாயில் குழந்தை. சட்டையைக் கழுத்துவரை தூக்கிவிட்டு, பக்கத்தில் போனில் ஒரு நிமிஷ அலாரம் வைத்துக்கொண்டு, அவள் குனிந்திருந்தாள்.

"நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அன்னைக்கி..."

அவள் தலையைத் தூக்காமல் உள்ளங்கையை மட்டும் என் பக்கம் காட்டினாள். "பேசாதீங்கக்கா. எண்ணினு இருக்கேன்."

வாசலிலேயே நின்றேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. நிமிஷம் முடிந்து போன் மணி அடித்தது.

"ஐம்பத்தாறு" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல. சட்டையை இறக்கி, ஒரே ஒரு துணியில் சுற்றி, பையை எடுத்து மாட்டினாள். அவள் செருப்பு போடத் தடுமாறியபோது, குழந்தையை வாங்கிக்கொள்ள என் கை தன்னால் நீண்டது. அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேணாங்க்கா" என்றாள். கோபமே இல்லாத குரல். "நீங்க தூக்க வேணாம்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, வெட்கம் கெட்ட கோபம். அவள் என்னைத் தாண்டிப் போன பிறகுதான் அழுகை வந்தது. இரும்பு கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, ஒற்றைக் கையால் அவளால் இழுக்க முடியவில்லை. நான் ஓடிப்போய்த் திறந்துவிட்டு, அவள் போக வழிவிட்டு, ஒதுங்கி நின்றேன்.