மாதனூர் சாலையில் திரும்பிய வண்டி

சகோதர சகோதரிகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆம்பூர் தோல் கிடங்குகளில் என்னைப் போல் ஒரு முட்டாள் வேலை பார்த்ததில்லை. எருமைத் தோலுக்காவது சுண்ணாம்புக் குழியில் ஊறினால் மயிர் உதிரும். என் தலைக்கனம் எதில் ஊறியும் உதிரவில்லை.

ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு வந்த ஒரு கோடை. நான் ஞானஸ்நானம் பெற்று அதிக நாள் ஆகவில்லை. போதகர் ஐயா எனக்கு, வேதத்தில் உடம்பெல்லாம் கொப்புளம் வந்து தவித்த யோபுவின் பேரை வைத்திருந்தார். கொப்புளம் வரப்போகிறதென்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ! மனைவி சாலம்மாள் தலைப்பிரசவத்துக்குப் பள்ளிகொண்டாவில் தாய்வீடு போயிருந்தாள்.

என்னோடு குழியில் இறங்கும் கன்னியப்பனுக்குச் சின்னம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். அதைப் பார்த்தால் வெளியார் யாரும் உள்ளே போகமாட்டார்கள். நான் போனேன். வேப்பிலைக்கு ஒதுங்குவது விசுவாசக் குறைவு என்று எனக்கு நானே பிரசங்கம் பண்ணிக்கொண்டு, கொத்தைப் பிடுங்கி அவர்கள் ஆட்டுக்கே போட்டேன். சிறுவயதில் அம்மை குத்திய தழும்பு வேறு தோளில் இருந்தது. எந்த அம்மையும் என்னை அண்டாது என்று அதைத் தடவிக் காட்டினேன். அவன் பாயிலேயே உட்கார்ந்து, கையைப் பிடித்து ஜெபித்தேன். அவன் எழுந்து நடமாடியதும், ஞாயிற்றுக்கிழமை சபையில் நின்று அந்தப் பெருமையை நானே சூட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஆண்பிள்ளை பிறந்திருக்கிறான் என்று பள்ளிகொண்டாவிலிருந்து ஆள் வந்து சொன்னான். அன்றைக்கென்று எனக்கு உடம்பு அனலாய்க் காய்ந்தது. முழங்காலில் விழுந்து அழுதேன். பிள்ளை முகத்தைத் தடையில்லாமல் பார்க்க வேண்டும் ஆண்டவரே, பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது ஆண்டவரே என்று ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டேன். விடிந்ததும் ஜுரம் தணிந்திருந்தது. பதில் வந்துவிட்டதென்று குதித்து, பள்ளிகொண்டா வழியே கிடங்குச் சரக்கு ஏற்றிப்போகும் கரீம் பாயின் மாட்டுவண்டியில் தோல்கட்டுகளின் மேல் ஏறிக்கொண்டேன்.

அந்தச் சாலை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. இருபுறமும் புளியமரம், ஒரு பக்கம் பாலாறு, தோல்கட்டிலிருந்து எழும்பும், பதனிடப் போட்ட ஆவாரம்பட்டையின் வாசனை. பாய் பாடிக்கொண்டே ஓட்டுவார். மாடுகள் வேகமாக நடந்ததே அந்தக் குரலுக்குத் தப்பிக்கத்தான் என்று நான் கேலி செய்வேன். இன்று அதைக் கேட்கக் கிடைத்தால் என்ன கொடுக்கவும் தயார். நான் பிள்ளைக்குப் பேர் யோசித்தபடி வந்தேன். மாதனூர் தாண்டும்போது அவர் திரும்பிப் பார்த்தார். பாட்டு நின்றது.

"கழுத்துல இன்னா அது?"

கொசுக்கடி என்றேன்.

"கொசு கடிச்சா தண்ணி கோக்காது."

ஜெபித்ததையும் ஜுரம் போனதையும் சொன்னேன். தழும்பையும் காட்டினேன். பாய் வண்டியை ஓரங்கட்டி, மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு பச்சப்புள்ள இருந்திச்சு, தம்பி. பாக்க வந்தவங்க எல்லாம் நல்லவங்கதான்."

வண்டியை ஆம்பூர் பக்கம் திருப்பினார். சரக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் முதலாளி ஏசுவாரே என்றேன். ஏசட்டும் என்றார். வழியெல்லாம் ஆண்டவர் என்னைக் கைவிட்டார் என்று அழுதுகொண்டே வந்தேன்.

சாயங்காலத்துக்குள் உடம்பு முழுக்க முத்து முத்தாய்க் கொப்புளம். கண் இமையைக்கூட விடவில்லை. பாய்க்குச் சிறுவயதிலேயே வந்து போயிருந்ததால் அவர்தான் கஞ்சி கொண்டுவந்தார். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். தோளில் குத்தியது பெரியம்மைக்குத்தானாம், இதற்கு அது காவல் இல்லையாம். இது மூச்சிலும் கொப்புளத்து நீரிலும் தொற்றுமாம், கொப்புளம் தெரிவதற்கு முன்பே தொற்றுமாம். நகத்தை வெட்டு, துணியைத் தனியே வெந்நீரில் போடு, கடைசிப் பொருக்கு காயும்வரை யாரையும் சேர்க்காதே என்றார். பிறந்த பிள்ளைக்கு வந்தால் பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார்.

அப்போதுதான் புரிந்தது. நான் கேட்ட இரண்டாவதைத் தர, முதலாவதை உடைத்துப்போட்டிருந்தார் கர்த்தர். படுக்கையிலேயே அழுது ஸ்தோத்திரம் செய்தேன்.

பாயிடம் சொல்லி வாசலில் வேப்பிலை கட்டவைத்தேன். கிறிஸ்தவன் வீட்டில் சாயபு வேப்பிலை கட்டிய அதிசயத்தைத் தெருவே பார்த்தது. ஜெபிக்க வந்த சபையார் அதிர்ந்து நின்றார்கள்.

"அது அம்மனுக்கு இல்லீங்க ஐயா, உங்களுக்கு" என்று உள்ளிருந்து கத்தினேன்.

போதகர் சிரித்துவிட்டார். தெருவில் நின்றே ஜெபித்தார்கள். அந்த ஜெபமும் கேட்கப்பட்டது. எங்கள் தெருவில் வேறு யாருக்கும் வரவில்லை.

கரீம் பாய் இப்போது இல்லை. அவர் திருப்பிய வண்டியால் பிழைத்த பிள்ளைக்கு மீசை அரும்பிவிட்டது. அன்புள்ளவர்களே, ஜெபித்த வழி அடைபட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அடைத்த கையை நம்புங்கள். நம்பிக்கொண்டே நகத்தையும் வெட்டுங்கள்.

பொருக்கெல்லாம் உதிர்ந்து, குளித்து, புதுவேட்டி கட்டிப் பள்ளிகொண்டா போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். சாலம்மாள் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் நின்றபடியே, கர்த்தர் என்னை எப்படித் தடுத்தாட்கொண்டார் என்று நீளமாக ஒரு பிரசங்கம் செய்து, கண்ணீரோடு கைகளை நீட்டினேன்.

"கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.