இர்மாவின் சன்னலில் ஓர் இடது கை

எங்கள் ஊரில் இர்மா காங்காஸ் பார்க்காத எலும்பு குறைவு. முப்பத்தோரு வருடம் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே எடுத்தவர். பனிச்சறுக்கில் விழுந்தவர்கள், மர மில்லில் அடிபட்டவர்கள், மூச்சு வாங்கும் கிழவர்கள் என்று எல்லோரும் ஒருமுறையாவது அவருடைய குளிர்ந்த மேசையில் படுத்திருக்கிறார்கள். "மூச்சை இழு. பிடி. விடு." அதற்கு மேல் அவர் அங்கே பேசி யாரும் கேட்டதில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "டாக்டர் சொல்வார்" என்பார். அந்த வேலையின் விதி அது. எடுப்பவர் பார்க்கலாம், சொல்லக் கூடாது. தன் கணவருடைய நுரையீரலை எடுத்த அன்றும் வீட்டுக்கு வந்து மீன் சூப் காய்ச்சி வைத்துவிட்டு, "திங்கக்கிழமை டாக்டர் சொல்வார்" என்றாராம்.

மருத்துவமனைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது பழைய ஃபிலிம்களை, அவற்றில் படிந்திருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க அனுப்பினார்கள். இர்மா யாரிடமும் கேட்காமல் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்த வருடம், அக்டோபர் கடைசி நாளில் பிள்ளைகள் பேய் வேடத்தில் மிட்டாய் வாங்க வரும் ஹாலோவீனுக்கு, அவர் வீட்டு முன்சன்னலில் ஓர் எலும்புக்கூடு நின்றது. யாரோ ஒருவரின் மண்டை, இன்னொருவரின் மார்புக்கூடு, வேறொருவரின் இடுப்பு. அதன்பின் வருடாவருடம் ஃபிலிம்களை அளவு பார்த்துச் சேர்த்து, பின்னால் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டி, அதற்கும் பின்னால் விளக்கை வைப்பார். பக்கத்துத் தெருவெல்லாம் பரங்கிக்காயும் பிளாஸ்டிக் பேய்களுமாக இருக்கும். பிள்ளைகள் இந்தச் சன்னலுக்கு முன்னால்தான் சத்தமில்லாமல் நிற்பார்கள்.

"கடையில விக்கிற எலும்புக்கூடு சிரிக்குது," என்பார் இர்மா. "எலும்பு எங்கயாவது சிரிக்குமா?"

ஏழு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு ஓர் அக்டோபரில் நான் திரும்பி வந்தேன். அம்மா வீட்டில் இருப்புக்கொள்ளாமல் எதிர்வீட்டு இர்மாவுக்கு ஏணி பிடிக்கப் போனேன்.

"இத்தனை தேசம் பாத்தவளுக்கு டேப் கிழிக்கத் தெரியலயே! பல்லால கடிக்காத. கத்தரி இருக்கு பாரு."

எலும்புக்கூட்டின் இடது கை மட்டும் இல்லை. போன வருடம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டதாம். பெட்டியில் துழாவி நான்தான் புதியதை எடுத்தேன். அகலமான, இளம் ஆணின் கை. மோதிர விரலில் மோதிரம் வெள்ளை வளையமாகத் தெரிந்தது. சுண்டுவிரல் நடுவில் கோணியிருந்தது.

இர்மா அதை விளக்குக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"வை," என்றார்.

"யாரோட கை?"

"எலும்புக்கு ஏது பேரு?"

வழக்கம்போல மூலையில் பெயர் இருந்த பட்டையைக் கத்தரித்தார். மற்றவற்றைக் குப்பையில் போட்டவர், இதை மட்டும் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் தபால்காரர் டுவேன் வாசலில் நின்று, "இர்மா, ஒரு வருஷமாவது என் மாமியார் மண்டையோட்ட வைங்களேன். தெருநாய்த் தொல்லை ஒழியும்!" என்று கத்தினார். அப்புறம் சன்னலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அது ஆர்விட் சாரெலா கை. அந்தச் சுண்டுவிரல உடைச்சதே நான்தான், பள்ளிக்கூடத்துல ஹாக்கி ஆடறப்போ."

ஆர்விட்டை எனக்குத் தெரியும். கோடையிலும் இடது கையில் உறை போட்டிருப்பவர். இருபத்தெட்டு வயதில் மில் ரம்பம் அவருடைய சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மோதிரத்தோடு கொண்டுபோய்விட்டது. இது அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஏணியிலிருந்து விழுந்தபோது எடுத்த படம் என்றார் டுவேன்.

உள்ளே ஓடினேன். "தெரியாம எடுத்துட்டேன். கழட்டிடலாம்."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் வச்சீங்களா?"

இர்மா காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "இருபத்தேழு வருஷமா அவன் எங்கூடப் பேசல. கடையில என்னப் பாத்தா அடுத்த வரிசைக்குப் போயிடுவான். வந்து திட்டட்டும். திட்டினாலும் பேச்சுதானே?"

அதற்குப் பிறகு ஐந்து நாள் அவர் சன்னலோர நாற்காலியை விட்டு நகரவில்லை. தெருவில் வண்டி மெதுவாகப் போனால் எழுந்து பார்ப்பார். ஆர்விட் வரவில்லை.

ஹாலோவீன் அன்று பொழுது சாயும்போது வந்தார். மிட்டாய் வாளிகளோடு நின்ற பிள்ளைகளுக்குப் பின்னால், இடது கையை மேலங்கிப் பையில் விட்டபடி நின்றார். இர்மா மிட்டாய்க் கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கினார்.

"அது என்னோடது," என்றார் ஆர்விட்.

"ஆமா."

"யாரக் கேட்டு வச்சீங்க?"

"யாரையும் கேக்கல. தப்புதான்."

பிள்ளைகள் மெல்ல அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள்.

"ரம்பத்துல மாட்டின அன்னைக்குக் கையில துணி சுத்திக் கெடந்தேன். விரல் இருக்கான்னு உங்களத்தான் கேட்டேன். டாக்டர் சொல்வார்னீங்க. அந்தாளு வர நாப்பது நிமிஷம் ஆச்சு. நாப்பது நிமிஷமும் இருக்குன்னே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"நான் எக்ஸ்ரே ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன்."

"ஒரு வார்த்த, இர்மா."

"சொல்லியிருக்கணும். வேல போனாலும் போகட்டும்னு சொல்லியிருக்கணும்."

ஆர்விட் தெருவைப் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சன்னலுக்கு இன்னும் ஓரடி கிட்டே வந்தார்.

"அந்தக் கோணல்... உள்ள என்ன ஆகியிருக்கு?"

இர்மாவின் வாய் பழக்கத்தில் "டாக்..." என்று தொடங்கியது. நிறுத்திக்கொண்டார். பிறகு கண்ணாடிமேல் விரலை வைத்தார்.

"இது சுண்டுவிரலோட நடு எலும்பு. உடைஞ்சதுக்குக் கட்டே போடல நீ. தானா கோணலாச் சேந்துக்கிச்சு. இந்த வெள்ளக் கோடு பாரு, சேந்த எடம். நல்லாத்தான் சேந்திருக்கு. இது மோதிர விரல். மூணு எலும்பும் முழுசா இருக்கு, ஒரு கீறல் கெடையாது. ஏணியிலேருந்து விழுந்ததுல விரல் வீங்கி மோதிரம் வரல. மோதிரத்த வெட்டி எடுக்கட்டுமான்னு கேட்டேன். லொரெய்ன் கொன்னுடுவா, அவ போட்ட கல்யாண மோதிரம்னு சொன்ன."

"கொன்னிருப்பா," என்றார் ஆர்விட். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. கையைப் பையிலிருந்து எடுத்தார். உறையைக் கழற்றவில்லை.

ஒவ்வோர் எலும்பாக இர்மா சொல்லிக்கொண்டே போனார். மணிக்கட்டின் எட்டு எலும்பும் முடியும்வரை ஆர்விட் கேட்டுக்கொண்டு நின்றார்.

"நாளைக்குக் கழட்டிடுவீங்க இல்ல?"

"ஒண்ணாந்தேதி கழட்டறதுதான் வழக்கம். வேணும்னா இப்பவே கழட்டித் தரேன்."

"வேணாம். லொரெய்ன் மக வீட்டுக்குப் போயிருக்கா. சனிக்கிழமதான் வருவா. அவ இத இங்க பாக்கட்டும், இதே மாதிரி வெளிச்சத்துல."

ஒன்றாம் தேதி மண்டையையும் மார்பையும் இடுப்பையும் கால்களையும் கழற்றிப் பெட்டியில் அடுக்கினோம். வெள்ளை விரிப்பில் இடது கை மட்டும் தனியாக நின்றது. தெருவில் எவரும் ஏன் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் முதல் பனி விழுந்தது. ஆர்விட்டின் பழைய வண்டி எதிரே வந்து நின்றது. இர்மா பகலிலேயே விளக்கைப் போட்டார். லொரெய்ன் இறங்கவில்லை. வண்டியின் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, பனி மடியில் விழ விழப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இர்மா ஃபிலிமை மெதுவாக உரித்தார். மேலங்கிப் பையிலிருந்து அந்தப் பட்டையை எடுத்து, வெட்டின மூலையில் பொருத்தி டேப் ஒட்டினார். சாரெலா, ஆர்விட். இடது கை. காகித உறையில் போட்டுக்கொண்டு, தலையில் துணிகூடக் கட்டாமல், தெருவைக் கடந்து போனார்.