சுவரில் சாய்ந்திருந்த கதவு

எண்பத்தொன்பதாம் வருடம், பங்குனி வெயில் ஏற ஆரம்பித்த நேரம். அப்போது நாங்கள் ஆவடியில், சேக்காட்டைத் தாண்டி ஏரிப் பக்கமாக ஒரு புறம்போக்கு மேட்டில் வீடு கட்டிக் குடியிருந்தோம். நாங்கள் மட்டும் இல்லை, தெருவில் இருந்த நாற்பது குடும்பமும் அப்படித்தான். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்துக்கூட்டிப் படிப்பேன். கவலைப்படுவது மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நன்றாக வரும்.

இந்தக் கதை புரிய வேண்டுமானால் எங்கள் வீட்டுக் கதவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், எங்கள் தெருவுக்குப் பட்டா கொடுக்கலாம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டுவிட்டதாகச் சேதி வந்தது. அன்றைக்குத் தெருவே ஒன்றாகக் கூடி ஒரே அண்டாவில் கேசரி கிண்டியது. ஒரு மாதத்தில் பத்திரம் கைக்கு வந்துவிடும் என்றார்கள். அந்தச் சந்தோஷத்தில் என் மனைவி மறுநாளே மார்க்கெட் பக்கம் போய், பழைய குவார்ட்டர்ஸ் எதையோ இடித்தபோது கழற்றி விற்ற கதவு ஒன்றை வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். பச்சைப் பெயின்ட் அடித்த மரக் கதவு. நடுவில் வெள்ளையில் 112 என்று யார் வீட்டு நம்பரோ எழுதியிருந்தது. அதுவரை எங்கள் வாசலுக்குத் தகரமும் கோணிப்பையும்தான்.

நான் மாட்ட விடவில்லை. "பட்டா வரட்டும்" என்றேன். நாளைக்கே வந்து இடித்தால் தகரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடலாம், சுவரில் பதித்த கதவை எப்படிப் பிடுங்குவது என்பது என் கணக்கு. கதவு வாசலுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றது. என் இரண்டு பெண்களும் அதன் பின்னால் கண்ணாமூச்சி விளையாடினார்கள்.

ஒரு மாதம் என்றது பத்து மாதம் ஆனது. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டுப் பாதிப் பேருக்குப் பட்டா கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு வர வரத் தாலுகா ஆபீசில் லிஸ்ட் ஒட்டுவோம், பார்த்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த மீதியில் நாங்கள்.

எங்கள் பட்டறைக்கு வார லீவு வியாழக்கிழமை. அன்றிலிருந்து ஒரு வியாழக்கிழமை விட்டதில்லை. மழையோ வெயிலோ, பஸ் ஏறிப் போய் லிஸ்ட்டில் விரல் வைத்து மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக என் பேரைத் தேடுவேன். இருக்காது. உள்ளே போய் கிளார்க்கிடம் என் பேரைச் சொல்லிக் கேட்பேன். அவரும் பொறுமையாகக் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன் பேர்ல இன்னும் வரலய்யா" என்பார். கடைசியில் என்னைப் பார்த்ததும் வாசலில் இருக்கும் பியூன், "சார், வியாயக்கெயம வந்துடுச்சி சார்" என்று உள்ளே குரல் கொடுக்கும் அளவுக்கு ஆனது.

என் மனைவி இரண்டு முறை, "நானும் வர்றேன்யா, ஒருவாட்டி இன்னான்னு பாக்கலாம்" என்று கேட்டாள். "ஆபீஸ் விஷயம், நீ எதுக்கு வெயில்ல அலையணும்?" என்று சொல்லிவிட்டேன். அவள் மேல் இருந்த அக்கறையில்தான் அப்படிச் சொல்வதாக அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் ஒவ்வொருவராகப் பட்டா வாங்கிக்கொண்டு வந்தார்கள். பத்துப் பேர் பாக்கி, பிறகு ஐந்து பேர், கடைசியில் நான் ஒருத்தன். எதிர் வீட்டுக்காரர் ராணுவ டேங்க் பேக்டரியில் வேலை பார்ப்பவர், வாய் சும்மா இருக்காது. தினமும் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அண்ணாத்தே, கதவ மாட்டப் போறியா, இல்ல கண்காட்சி வெச்சிகீறியா?" என்பார். தபால்காரர்கூட எங்கள் வீட்டுக்கு அடையாளமாக 'கதவு சாய்ஞ்ச வீடு' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். நானும் சிரிப்பேன். உள்ளே கேள்விகள் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வே எடுக்க வந்தவர்கள் எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டார்களோ? ஏரிக் கணக்கில் சேர்த்துவிட்டார்களோ?

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. உத்தரவு வருவதற்கு முன்னால் அவர்கள் அளக்க வந்த அன்று நான் வீட்டில் இல்லை. எங்கே இருந்தேன் தெரியுமா? தாலுகா ஆபீசில். எப்போது அளக்க வருவீர்கள் என்று கேட்கப் போயிருந்தேன்! "இன்னிக்குத்தான்யா, ஆளுங்க கெளம்பிப் போயாச்சு" என்றார்கள். பஸ் பிடித்து அரக்கப்பரக்க வந்து சேர்வதற்குள் அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மனைவியிடம் நூறு கேள்வி கேட்டேன். சங்கிலியை இழுத்துப் பிடித்தார்களா, சமையல் கட்டையும் சேர்த்து அளந்தார்களா, பேனாவால் எழுதினார்களா, பென்சிலாலா? "எல்லாம் அளந்துகினு எழுதிகினு போனாங்கய்யா, சாப்ட வா" என்றாள்.

அந்தப் பங்குனியில் ஒரு வதந்தி கிளம்பியது. பட்டா இல்லாத வீடுகளை இந்த மாதக் கடைசிக்குள் எடுத்துவிடுவார்கள் என்று. தெருவில் பட்டா இல்லாத வீடு எங்கள் வீடு ஒன்றுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை. நான் வேப்பங்குச்சியோடு உள்ளே நின்றிருந்தேன். திடீரென்று தரை அதிர்ந்தது. கடகடவென்று ஒரு சத்தம். புல்டோசர்தான் என்று முடிவே செய்துவிட்டேன். "புள்ளைங்கள எடு!" என்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் தோள் கதவில் இடித்தது. இரண்டு வருடமாக அசையாமல் நின்ற கதவு அப்படியே சரிந்து என் வலது கால் மேல் விழுந்தது.

புல்டோசரும் இல்லை, ஒன்றும் இல்லை. பேக்டரியில் டேங்கை ஓட்டிப் பார்க்கிற சத்தம். ஆவடியில் இருப்பவர்களுக்கு அது காக்கா கத்துவது மாதிரி. நானும் வருடக்கணக்கில் கேட்ட சத்தம்தான். பயந்தவன் காதுக்கு எல்லாம் வேறு மாதிரி கேட்கும் போல.

எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தூக்கினார். "அண்ணாத்தே, டேங்கு எங்க பேக்டரிலதான் ஓடுது, உன் ஊட்டுக்கு இன்னும் வரல" என்று சொல்லிக்கொண்டே காலைப் பிடித்துப் பார்த்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் பாதம் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

அப்படியும் நான் கிளம்பினேன். இத்தனை வியாழக்கிழமை போய்விட்டு, இந்த வியாழக்கிழமை போகாமல் இருந்து, இன்றைக்கென்று பார்த்து வந்திருந்தால்? என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பெண்களை எதிர் வீட்டில் விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நட, என் தோளப் புடிச்சிக்கோ. இன்னிக்கு வாணான்னு சொன்னே, இன்னொரு காலு மேலயும் கதவத் தள்ளிடுவேன்" என்றாள்.

தாலுகா ஆபீஸ் படியில் என்னைப் பார்த்த பியூன் எழுந்தே விட்டார். "இன்னா வியாயக்கெயம, இன்னிக்கு நொண்டிகினு வர்றே?"

லிஸ்ட்டைப் பார்த்தோம். நான் வழக்கம்போல விரல் வைத்து இறங்கினேன். இல்லை. உள்ளே போனோம். கிளார்க் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார், கட்டைத் தொடக்கூட இல்லை. "உன் பேர்ல..." என்று ஆரம்பித்தார்.

என் மனைவி குறுக்கே புகுந்தாள். "சார், அவரு பேர உடுங்க. எங்க ஊடு ஏரிப் பக்கம், கடைசித் தெரு, கெணத்துக்கு ரெண்டாவது ஊடு. அதுக்கு வந்திருக்குதா இல்லியா?"

"பேரு இல்லாம எப்படிம்மா பாக்கறது? உன் பேரு என்ன?"

அவள் பேரைச் சொன்னாள்.

கிளார்க் அந்தப் பேரை ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் பீரோவைத் திறந்து, வேறு ஒரு கட்டை எடுத்து, நூலைப் பிரித்தார். நாலாவது தாளோ ஐந்தாவது தாளோ. உருவி மேசைமேல் வைத்தார். ஓரம் லேசாகப் பழுத்திருந்தது.

"ஏம்மா, ஒரு வருஷமா எங்கம்மா போயிருந்தே? உன்னுது இங்கயே கெடக்குது. அப்பவே லிஸ்ட்ல ஒட்டினோம், வாங்க ஆள் வரலன்னு தனியாக் கட்டி வெச்சிருக்கோம்."

எனக்குக் கால் வலி மறந்துபோனது. "சார், இது என் வீடு சார்" என்றேன். என்ன சொல்கிறோம் என்று தெரியாமல்தான் சொன்னேன்.

"இதுல இவங்க பேர்தான்யா இருக்குது. அளக்கறப்போ வீட்ல இருந்தவங்க யாரு?"

என் மனைவிதான் பதில் சொன்னாள். "நான்தான் சார் இருந்தேன். 'ஊடு யாருது?'ன்னு கேட்டாரு. 'என்னுதுதான்'னேன். மண்ணு மிதிச்சது நானு, கல்லு சொமந்தது நானு, செவுரு வெச்சது நானு. ஊடு கட்டச்சொல்ல இவரு நைட் ஷிப்டு, பகல்லாம் படுத்துனு இருந்தாரு. பின்ன யாரு ஊடுன்னு சொல்றது?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கிளார்க் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீயும் உன் பேரையே சொன்னே, நானும் உன் பேரையே தேடினேன். மனை எதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கும் தோணலயே!"

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குச் சுருக்கென்றது. என் பேர் இல்லையே என்று. ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தையாவது பொய்யா? நூறு கேள்வி கேட்டேனே, 'யார் பேரை எழுதினார்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டேனா? என் பேரைத் தவிர வேறு பேர் அந்தக் காகிதத்தில் இருக்கலாம் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. ஐம்பது அறுபது வியாழக்கிழமை இருக்கும், அந்த மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். பத்தடி தூரத்தில் பீரோவுக்குள் எங்கள் வீடு இருந்திருக்கிறது.

ரிஜிஸ்டரை நீட்டினார்கள். "கைநாட்டா?" என்று பியூன் மைப்பெட்டியைத் திறந்தார். அவள் பேனாவை வாங்கி, குனிந்து, முழுப்பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோடு மாறாமல், அச்சடித்த மாதிரி. கல்யாணம் ஆகிப் பதினோரு வருடத்தில் அவள் கையெழுத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எட்டாவது வரை படித்தவள் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டி இதைப் படி என்று நான் சொன்னதே இல்லை.

வெளியே வந்ததும் அவள் பட்டாவை வாய்விட்டுப் படித்தாள். முடித்துவிட்டு, "இன்னாய்யா, கோபமா?" என்றாள். எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு சிரிப்பு. அவளும் ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, என் காலையும் எங்கள் சிரிப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப் போனார்.

அன்று சாயங்காலமே கதவை மாட்டினோம். எதிர் வீட்டுக்காரர் ரம்பமும் ஆணியும் கொண்டு வந்தார். கதவைப் புரட்டினால், தரையில் இருந்த அடிப்பக்கம் நாலு விரல் அளவுக்குச் செல்லரித்திருந்தது. 'பட்டா வரட்டும்' என்று நான் சொல்லச் சொல்ல, அது தின்றுகொண்டே இருந்திருக்கிறது. அந்த நாலு விரலையும் அறுத்து எடுத்தோம். கதவுக்குக் கீழே இடைவெளி விழுந்தது. என் மனைவி தயங்கவே இல்லை, மறுநாளே செங்கல் வைத்துப் படியை உயர்த்திச் சரி செய்துவிட்டாள்.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததுதான் வேடிக்கை. சேதி தெரிந்து தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, வேண்டுமென்றே கதவைத் தட்டினார்கள். தட்டுவதற்கு என்று ஒரு கதவு எங்களுக்கு அதுவரை இருந்ததில்லை. என் மனைவி உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, "யாரது?" என்று அதிகாரியைப் போல அதட்டுவாள். பெண்கள் இரண்டும் குதிக்கும். கடைசியாக எதிர் வீட்டுக்காரர் தட்டினார்.

"யாரது?"

"ஓனரம்மா கீறாங்களா? உங்க ஊட்ல ஒருத்தரு நொண்டிகினு குடியிருக்கிறாரே, வாடகைலாம் ஒயுங்காத் தர்றாரா?"

"அதெல்லாம் தர்றது இல்ல. ஆளு நல்ல ஆளு, இருந்துட்டுப் போவட்டும்னு வெச்சிகீறேன்!"

தெருவே சிரித்தது. வீங்கிய காலை மணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வதந்தி வதந்தியாகவே போனது. யாரும் யார் வீட்டையும் இடிக்க வரவில்லை. அந்தக் கதவுக்கு அதற்குப் பிறகு எத்தனையோ முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது. 112 மட்டும் இன்னும் இருக்கிறது, அதை அழிக்க அவள் விடுவதில்லை.

இப்போதும் நான் கவலைப்படுகிறவன்தான், அந்தக் குணம் போகவில்லை. ஆனால் ரேஷன் கடையோ ஓட்டுச் சாவடியோ, எங்கே லிஸ்ட் ஒட்டினாலும் என் விரல் முதலில் தேடுவது அவள் பேரைத்தான். அது இருந்துவிட்டால், என் பேர் மெதுவாகக் கிடைக்கட்டும் என்று நிம்மதியாக நிற்கிறேன்.