அத்தா பேசிய பாஷை

பேய், ஜின் என்று யார் பேச்செடுத்தாலும் சிரித்துவிடுகிற ஆள் நான். அத்தா பக்கவாதத்தில் விழுந்து பேச்சு நின்றபோது, தாயத்துக் கட்ட வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பியதும் நான்தான். இப்போது நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் தப்பில்லை.

திண்டுக்கல் பேகம்பூரில் வீட்டிலிருந்தே ஒலிப்பதிவுகளின் இரைச்சலை நீக்கிக் கொடுப்பது என் வேலை. பசிபிக் கடலில் துவாமோத்து என்று வளையம் வளையமாய்ப் பவளத்தீவுகள் இருக்கின்றன. அந்தத் தீவுகளின் மொழியைச் சேகரிக்கும் ஓர் ஆராய்ச்சியாளர், அங்கே ஒரு வயதான பெண்மணி பாடிய பாட்டை அனுப்பியிருந்தார். அந்த அம்மா ஓர் அடி பாடுவார், நிறுத்துவார், அலைச்சத்தம் மட்டும் கேட்கும், பிறகு அடுத்த அடி.

மதிய நேரம். ஹெட்போன் கெட்டுப்போனதால் ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். முதல் அடி முடிந்து அலைச்சத்தம் வந்ததும் கட்டிலிலிருந்து அத்தா பாடினார். நம்பினால் நம்புங்கள், ஒரு வருஷமாக 'தண்ணி' என்றுகூடச் சொல்லாத மனுஷர், கணீரென்று பாடினார்.

என் அம்மா கையிலிருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "யா அல்லா! ஏ புள்ள, அத்தா பேசுறாருடி!" என்றவர் அடுத்த நொடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன பாஷைடி இது?"

மறுபடி ஓடவிட்டேன். ஒவ்வொரு இடைவெளியிலும் சரியாக அத்தாவின் குரல். தோல் வியாபாரத்துக்கு ஈரோடு தாண்டிப் போகாதவர், கடலையே பார்க்காதவர். போனில் பதிந்து ஆராய்ச்சியாளருக்கு அனுப்பினேன்.

மறுநாள் அவர் அழைத்தார். அது கணவனும் மனைவியும் மாறி மாறிப் பாடுகிற பாட்டாம். கணவர் இறந்துவிட்டதால் அவர் பகுதிக்கு இடம் விட்டுப் பாடியிருக்கிறார் அந்த அம்மா. கணவரின் அடிகளை யாரும் பதிவு செய்ததே இல்லையாம். "உங்கள் அப்பா பாடியதை அந்த அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். கணவர் எப்போதும் தப்பாகச் சொல்லும் ஒரு வார்த்தையை இவரும் அதே மாதிரித் தப்பாகச் சொல்கிறார் என்று அழுகிறார்."

அதற்குப் பிறகு அத்தா பாடவில்லை, பேசவுமில்லை. அந்த அம்மாதான் அவ்வப்போது வீடியோ காலில் வருகிறார். "மனுகுரா" என்று இறந்துபோன கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அத்தா உடனே திரும்பிப் பார்ப்பார்.

நான் எத்தனை தடவை "அத்தா" என்று கூப்பிட்டாலும் இப்போது அவர் திரும்புவதில்லை.