கைகாட்டினால் நிற்காத வான்

அப்புத்துரைக்கு ஒரு வியாதி இருந்தது. றோட்டோரத்தில் எவராவது கையைத் தூக்கினால் போதும், அவருடைய வலது கால் தானாகப் பிரேக்கில் ஏறிவிடும். முல்லைத்தீவுக்கும் புளியங்குளத்துக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டிய காலத்தில் அந்த வியாதியால் அவருக்குப் பெரிய பேர். பிள்ளைத்தாய்ச்சிக்கு நிற்பார், கோழிக்கூடையோடு நிற்பவருக்கு நிற்பார், சுருட்டுக்கு நெருப்புக் கேட்டுக் கைகாட்டிய ஒருவனுக்கும் ஒருநாள் நின்றார்.

பஸ்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, முல்லைத்தீவு மீன் வியாபாரி மீராசாகிபு அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மனிதர் கொழும்பிலிருந்து சாமான் ஏற்றும் வான் வண்டி ஒன்று வாங்கி வந்திருந்தார். நாயாற்றில் பிடிபடும் மீனையும் இறாலையும் ஐஸ் போட்ட பெட்டிகளில் கொண்டுபோய், புளியங்குளத்தில் பின்னேர ரயிலில், சனம் சொல்லும் கோச்சியில், ஏற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான்.

வானைப் பார்க்க வந்த மனைவி நாகேஸ்வரி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"என்னப்பா இது? அலுமாரிக்குச் சில்லுப் பூட்டினமாதிரிக் கிடக்கு. யன்னலையும் காணேல்லை, சீற்றையும் காணேல்லை."

"மீனுக்கு என்னத்துக்கடி யன்னல்?" என்று அப்புத்துரை பெரிய ஞானிபோலச் சொன்னார். அந்த ஞானம் வாயோடு நின்றுவிட்டது, காலுக்கு இறங்கவில்லை.

வானோ அவருடைய இருபது வருசப் பழக்கத்தைத் துளியும் மதிக்கவில்லை. வெறுமையாக ஓடினால் துள்ளித் துள்ளி இடுப்பை முறித்தது. அதன் தடித்த ஸ்பிரிங் வில்லுகள் பாரத்துக்கென்றே செய்யப்பட்டவை, ஏற்றினால்தான் அடங்கும். இறக்கச் சுகமாக இருக்கட்டுமென்று கனத்த பெட்டிகளைக் கதவோரமாக அடுக்கினார். முன்பக்கம் எழும்பி, ஸ்டியரிங் கையில் சும்மா சுழன்றது. பஸ்ஸில் வளைவு வந்தால் சனம் கம்பியைப் பிடித்துத் தன்பாட்டில் சாய்ந்துகொள்ளும், சடாரென்று பிரேக் போட்டால் திட்டித் தீர்க்கும். பெட்டிகள் திட்டுவதில்லை, பேசாமல் சரிந்து உடையும். திட்டு வாங்குவது எவ்வளவோ மேல் என்று அவருக்குத் தோன்றியது.

இதையெல்லாம் கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்துவிட்டார். கனத்தைக் கீழேயும் முன்னாலும் வைத்து, கயிறு போட்டு இறுக்கப் பழகினார். தீராமல் இருந்தது அந்தப் பழைய வியாதி ஒன்றுதான்.

ஒருநாள் புளியங்குளம் போகும் வழியில், நெடுங்கேணிவரைக்கும் கைகாட்டியவர்களுக்கெல்லாம் நின்றார். ஒவ்வொரு முறையும் பின்கதவு திறந்தது, ஐஸின் குளிர் வெளியே போனது, ஏறினவர்கள் பெட்டி மூடிகளின்மேல் சப்பாணி கட்டி ஊர்க்கதை பேசினார்கள். புளியங்குளத்துக்கு வந்தபோது ரயிலின் புகைதான் மிச்சமிருந்தது. மீன் முழுவதும் பழுதாகிப்போனது.

மீராசாகிபு சத்தம் போடவில்லை. அதுதான் அப்புத்துரையைச் சுட்டது.

"அப்புத்துரை, உமக்கு இரக்க மனசு. அது பஸ்ஸுக்கு நல்லது. இன்னொருக்காக் கோச்சியை விட்டீரெண்டால் நான் வேறை றைவரைப் பாக்கிறன்."

புளியங்குளத்து வீட்டுக்கு வந்து நாகேஸ்வரியிடம் சொன்னார். அவள் தீர்ப்பெழுதினாள்: "இனி ஆர் கைகாட்டினாலும் நிப்பாட்டாதேங்கோ."

"வயசு போன சனம் நிண்டால்?"

"நான் நிண்டாலும்தான்!"

அந்த மாரியில் மழை விடாமல் கொட்டியது. ஒருநாள் இறால் நிறையப் பட்டிருந்தது, வான் கூரைவரைக்கும் பாரம். நெடுங்கேணிக்குக் கிட்ட றோட்டு களிமண் சேறாகக் கரைந்து கிடந்தது. அதில் புளியங்குளம் போகும் பின்னேர பஸ் ஒரு பக்கமாகச் சரிந்து புதைந்து நிற்க, சனமெல்லாம் இறங்கி "ஏலேலோ" போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. மற்றப் பக்கத்தில் வான் போக மட்டுமட்டாக ஒரு வழி இருந்தது.

அப்புத்துரை இரண்டாம் கியருக்கு மாறினார். பாரத்தின் அழுத்தத்தில் பின்சில்லுகள் களியைக் கவ்விப் பிடித்தன. ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் அந்தப் பிடி. நின்றால் சில்லு புதையும், இறால் இறங்கி வந்து தள்ளப் போவதில்லை.

அப்போதுதான் கண்டார். பஸ்ஸுக்கு முன்னால், நனைந்துபோய், தமக்கை வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த நாகேஸ்வரி வானுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

வலது கால் துடித்தது. பிரேக்கின்மேல் போய்த் தொட்டும்விட்டது. பின்னால் முழுச்சுமை, முன்னால் கட்டின மனைவி, புளியங்குளத்தில் காத்திராத ரயில். அப்புத்துரை பல்லைக் கடித்து, காலைத் தூக்கி, மற்ற மிதியில் வைத்து அழுத்தினார். வான் உறுமிக்கொண்டு அவளைக் கடந்தது. சேறு அவளுடைய சேலையில் இடுப்புவரைக்கும் அப்பியது.

பின்னால் யன்னல் இல்லாததற்காக அந்த வானை அவர் அன்றுதான் மனதார வாழ்த்தினார்.

ரயில் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றபோது அப்புத்துரையின் பெட்டிகள் மேடையில் தயாராக இருந்தன. மூடி ஒன்றும் உடையவில்லை. ஐஸ் ஐஸாகவே இருந்தது. கடைசிப் பெட்டியும் ஏறியதும் அவர் தன்பாட்டில் சிரித்தார், பிறகு வீட்டை நினைத்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

முற்றத்தில் வானை நிறுத்திவிட்டுக் கள்ளன்போல வந்தார். நாகேஸ்வரி பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தாள். சேலை மாற்றவில்லை. வேலிக்கு மேலால் அயல்வீட்டுக் கமலாசனியோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

அவரைக் கண்டதும் திரும்பினாள். "கோச்சியைப் பிடிச்சனீங்களோ?"

"பிடிச்சன்... நாகேஸ், நான் வந்து..."

அவள் காது கொடுக்கவில்லை. சேற்றுச் சேலையை இரண்டு கையாலும் விரித்து, கலியாணக் கூறையைக் காட்டுகிறவள்போலக் கமலாசனிக்குக் காட்டினாள்.

"பாத்தியே? இனி ஆருக்கும் நிப்பாட்டாரெண்டு நான் சொன்னது பொய்யே? என்ரை மனிசன் எனக்கே நிப்பாட்டேல்லை!"