வில்லனுக்கு வைத்த பெயர்

ஜெசிந்தாவின் புருஷன் ததேயுஸுக்குப் பகலில் ஐஸ் பிளாண்டில் வேலை. வருஷாவருஷம் மாதா கோயில் திருவிழா நாடகத்தை எழுதுவதும் அவர்தான். வசனமெல்லாம் மடமடவென்று வந்துவிடும். வில்லனுக்குப் பெயர் வைப்பதில்தான் வம்பு. எல்லாருக்கும் புனிதர் பெயர் வைத்திருக்கிற கடற்கரை ஊர். எந்தப் பெயரைத் தொட்டாலும் நாலு பேருக்குச் சுடும். போன வருஷம் கடத்தல்காரனுக்கு இன்னாசி என்று வைத்தார். ஊரிலுள்ள இன்னாசிகள் எல்லாரும், ஆளாளுக்குத் தன்னைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று சந்தேகப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இந்த வருஷம் கதை, பெண்டாட்டிக்குத் தெரியாமல் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறவனைப் பற்றியது. ததேயுஸ் அவனுக்குத் தன் பெயரையே வைத்துவிட்டார். நாடகத்தன்று ஊரே கைதட்டியது. இன்னாசிகள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. நாடகத்தில் பெண்டாட்டிக்குப் பெயர் இருந்தது. அவள் வளர்த்த ஆட்டுக்கும் இருந்தது. அந்த இன்னொருத்தியை மட்டும் கடைசிவரை ‘அவ’ என்றே சொன்னார்கள்.

மறுநாள் காலையில் சாயாவை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "ஆட்டுக்குப் பேரு வச்சீங்க. அவளுக்கு மட்டும் ஏன் வைக்கல?"

"பொருத்தமா ஒண்ணும் கிட்டலட்டி."

"இப்ப ஒண்ணு வையுங்க. யோசிக்காம சொல்லணும்."

ததேயுஸ் கொதிக்கிற சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டினார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஐஸ் பிளாண்ட் பூட்டிக் கிடந்தது.